எக்ஸ்ரே அக்கா கித்தார் வாங்கிய கதை

எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாத்திரையை விழுங்கியாச்சு என்று சொல்பவரை நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். சாப்பிட்டாச்சு என்றால் தட்டைப் பார்க்க மாட்டாள், தலையணைக்கு அடியில் கையை விடுவாள். பெரும்பாலும் சோறு அங்கேதான் இருக்கும். இப்படியே பாதி ஆயுள் போனவள், மனிதர்களை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

சொந்தமென்று அவளுக்கு இருந்த ஒரே ஆசை கித்தார். நர்ஸ் பயிற்சி விடுதியில் யாரோ விட்டுப்போன மரக் கித்தாரை எடுத்துத் தானாகப் பழகியது. வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் கொஞ்ச நேரம் வாசிப்பாள், அப்புறம்தான் அடுப்பு. ஆனால் கனத்த உடம்புகளைப் புரட்டிப் புரட்டி விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. கம்பியை அழுத்தினால் உயிர் போகிற வலி.

“விட்டுடுங்களேன்” என்றார் டாக்டர்.

“எதை? வேலையையா, கித்தாரையா?”

“கித்தாரைத்தான்.”

அன்றிலிருந்து அந்த டாக்டரையும் அவள் நம்பவில்லை.

எலெக்ட்ரிக் கித்தாரின் கம்பி மெல்லிசு, லேசாகத் தொட்டாலே போதும் என்று கேள்விப்பட்டாள். அதுவும் கைகொடுக்காவிட்டால் வாசிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். சீட்டுப் பணம் கையில் இருந்தது. ஒரு தடவை வாங்கலாம், ஏமாந்தால் இன்னொரு தடவைக்கு வழியில்லை.

கடைக்காரர் கித்தார், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், பை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் காட்டினார். அவரே வாசித்துக் காட்டினார். சுவர் அதிர்ந்தது.

“சத்தத்தைக் குறைங்க.”

“குறைச்சா நல்லா இருக்காது மேடம்.”

“அதைத்தான் கேக்கணும்.”

குறைத்ததும் கம்பிகள் டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி கரகரத்தன. அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

பழைய கித்தாரும் ஆம்பும் விலைக்கு இருப்பதாக விளம்பரம் பார்த்து, தையல்கடை வைத்திருக்கும் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஒரு மாடிவீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் ஜெராக்ஸ் கடை நடத்துபவராம்.

“என்னோடதுதான் மேடம். நான் தனி ஆளு, வாசிக்க நேரமில்ல” என்றார்.

தனி ஆள் வீட்டில் கிருமிநாசினி வாசனை. பால்கனிக் கொடியில் ரப்பர் விரிப்பு காய்ந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கித்தாரைத் தூக்கி, கூன் விழுந்த முதுகைப் பார்ப்பதுபோல் அதன் கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நேராக இருந்தது. அடுத்து ஆம்பின் பிளக்கைப் பிடித்தாள். எந்த மிஷினுக்கும் முதலில் பிளக்கைப் பார்ப்பது பயிற்சிக் காலத்து ஆஸ்பத்திரி வார்டில் வந்த பழக்கம். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது.

“எர்த் பின் எங்கே?”

“அது... ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்.”

“சரி, நீங்க கொஞ்சம் வாசிங்க.”

“டச் விட்டுப்போச்சு மேடம்.”

நாடி பார்ப்பவள்போல் அவருடைய இடது கையைப் பிடித்தாள். விரல் நுனி நாலும் பஞ்சு.

“இது கம்பியைத் தொட்ட கையே இல்ல. யாரோடதை விக்கறீங்க?”

“அக்கா, கையை விடு. மனுஷன் வேர்த்துட்டார்” என்றாள் தங்கை.

“உள்ள படுத்திருக்கறவரைக் கேக்காம விக்கறீங்களா?” அவள் போய் உள்ளறைக் கதவைத் தள்ளிவிட்டாள்.

கட்டிலில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கிடந்தார். வலது கை போர்வைமேல் செத்துக் கிடந்தது. அவள் வந்த வேகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்.

“நான்தான் விக்கச் சொன்னேன் சிஸ்டர்” என்றார், குழறலாக. “சீக்காளி வாசிச்சதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேர் ஓடிட்டாங்க. ஒருத்தன் பாதி விலைக்குக் கேட்டான். அதான் தம்பியைப் பொய் சொல்லச் சொன்னேன். அவனுக்கு அதுகூட ஒழுங்கா வரல.”

தம்பி நிலைக்கதவோரம் தலையைச் சொறிந்தார்.

“எங்க, உங்க கையைக் காட்டுங்க” என்று இடது கையை நீட்டினார் படுத்திருந்தவர். அவரும் சந்தேகப் பேர்வழிதான். அவள் விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். “காய்ப்பு இருக்கு. மூட்டு வீங்கியிருக்கு. எஃப் கார்டு பிடிக்க வருதா? ஆறு கம்பியையும் ஒரே விரல்ல அழுத்தணுமே.”

“ஒரு வருஷமா வரல.”

“பிடிங்க பாப்போம். ஆம்பில மாட்டாதீங்க. இரைச்சல் போகட்டும்னு எர்த் பின்னை வெட்டினதே நான்தான்.”

“அறிவிருக்கா உங்களுக்கு? ஷாக் அடிச்சு ஆளே போயிருப்பீங்க!”

“போகல. ஷாக் வேற வழியில வந்துச்சு, பக்கவாதமா.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்தாள். வலிக்கு ஆயத்தமாகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலது கையால் மீட்டினாள். ஆம்ப் இல்லாமல் கொசு பாடுவது மாதிரிதான் கேட்டது. ஆனால் ஆறு கம்பியும் பேசின. வலி வந்தது, தாங்குகிற வலி. மறுபடி மீட்டினாள்.

“கித்தார் மட்டும் எனக்கு. அந்த எமன் பெட்டியை எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டாம யாருக்கும் விக்காதீங்க.”

சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். மிச்சத்தில் சின்ன ஆம்ப் ஒன்று புதிதாக வாங்கலாம், மூன்று பின்னும் இருந்தால். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அண்ணனின் முதுகுக்குக் கீழே சுருண்டிருந்த விரிப்பை இழுத்து நேராக்கக் காட்டிக்கொடுத்தாள். “இப்படியே விட்டா புண்ணு வரும். ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் போடுங்க.” திருடன் என்று நினைத்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான்.

படி இறங்கும்போது நின்றாள். “பைக்குள்ள அதே கித்தார்தானான்னு பார்த்துடறேன்.”

“உன் கண்முன்னாடிதானேக்கா வச்சார்!”

அதே கித்தார்தான். பையின் பக்க அறையில் பேச்சில் வராத ஒரு பொட்டலம் இருந்தது: புதுக் கம்பிகள், இருப்பதிலேயே மெல்லிய ரகம். எக்ஸ்ரே அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்ன கோளாறு இருக்கும்?” என்றாள்.