இரண்டு கிலோ

ஜுன்னர் பக்கத்து வழக்கப்படி கௌசா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண்பிள்ளை, இரண்டே கிலோ.

"உங்கம்மா வூட்டுல பாக்ரி ரொட்டிக்கே பஞ்சமாடி?" என்றாள் மாமியார் பாகீரதி.

அடுத்த மகள் மாமியார் வீட்டிலேயே பிறந்தாள். அவளும் இரண்டு கிலோதான். இம்முறை பழி கௌசாவின் வயிற்றின்மேல் விழுந்தது.

"அப்பன் தர்ற மரபணுவும் பிள்ளையோட எடையில சேரும், ஆயி. உங்க மகன் மாருதி பொறந்தப்ப எப்படி இருந்தாரு?" என்று பிரசவம் பார்த்த நர்ஸ் கேட்டாள்.

"உள்ளங்கையில அடங்குனான். அதுக்கென்ன? ஆம்பளைக்கு ஏதும்மா குறை?"

கௌசாவை மகள்களோடு தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டு, மாருதிக்கு வாட்டசாட்டமான வேறொருத்தியைக் கட்டிவைத்தார்கள். அவளுக்குப் பிறந்த பையனும் இரண்டு கிலோதான்.

மறுநாளே பாகீரதி பஸ் ஏறி வந்து கௌசாவின் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "நீ விட்ட சாபந்தானடி இது!"