பெரியவள் வைத்த சேனை

எங்கள் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் யாரும் என்னைத் திட்டுவதில்லை. டீச்சரத்தையைத் திட்டுவார்கள். நான் பிறந்தபோது எனக்குச் சேனை வைத்தது அவர்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், "அவுக வச்ச சேனை, வேற எப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள்.

டீச்சரத்தை அப்பாவின் தங்கை. செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் டீச்சரத்தைதான். ஒரு தடவை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மாளைக் கண்டக்டர் வாய்க்கு வந்தபடி பேசி இறக்கிவிட்டார். அத்தை விறுவிறுவென்று இறங்கிப் போய், பஸ்ஸுக்கு முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். கூடையோடு அந்த அம்மாளை ஏற்றிய பிறகுதான் நகர்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த நான் பக்கத்தில் நின்று வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையை வீட்டில் அத்தையின் கோபத்துக்காகச் சொல்லிச் சிரிப்பார்களே தவிர, அந்த அம்மாள் ஊர் போய்ச் சேர்ந்ததை யாரும் சொல்வதில்லை.

என் பெரியவள் திண்டுக்கல்லில்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தது டீச்சரத்தை. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சேனையை வைத்துவிட்டார். போச்சு. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தபோது எல்லோரும் முன்ஜாக்கிரதையாக என் அக்காவைக் கூட்டிவந்தார்கள். அக்கா சாது. மகனும் அப்படியே, அடித்தால்கூட அடித்தவரைப் பார்த்துச் சிரிப்பான். அன்றைக்கு டீச்சரத்தையும் வந்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கதவோரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளையை வாங்கவே இல்லை. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

மகனுக்குப் பல் முளைக்கும் முன்பே கணவரின் வேலைக்காக நெதர்லாந்துக்குப் போய்விட்டோம். மூன்றாவது அங்கே வயிற்றில் உண்டானது. ஐந்தாம் மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். அம்மா காலமான பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் நாகல் நகரில் அக்கா வீடுதான். ஆடிக் காற்றில் ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். தம்பி அவளுடைய பொம்மையின் கையைப் பிய்த்துவிட்டான் என்று பெரியவள் டம்ளரைத் தூக்கி எறிந்தாள்.

"சேனை வேலை செய்யுது" என்றாள் அக்கா.

சேனை என்றால் என்ன என்று மகள் கேட்டாள். அக்கா அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, விரலை அவள் உதட்டில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினாள். மகளுக்கு டம்ளர் மறந்துபோயிற்று.

"அப்ப நம்ம பாப்பாவுக்கு நான் வைக்கட்டுமா, பெரியம்மா?"

"அய்யோ தாயி, நீ மட்டும் வச்சிராத. இந்த வீட்டுக்கு நீயும் ஒங்க அம்மாவும் போதும். மூணாவதா ஒருத்தி வந்தா ஒங்க அப்பா காவி கட்டிக்கிட்டுப் பழனிக்குப் போயிருவாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சோபாவில் உட்கார்ந்திருந்த டீச்சரத்தையும் சிரித்தார், இந்தப் பேச்சுக்குப் பழகிப்போனவர். மகள் சிரிக்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரசவத்துக்கு அக்கா வருவதாக ஏற்பாடு. விசா நேரத்துக்கு வரவில்லை. அக்காவுக்குப் பதிலாக அக்கா கட்டிய பார்சல் வந்தது: லேகியம், பூண்டு, பத்து உறை போட்டும் வாசம் அடங்காத பால்சுறாக் கருவாடு. டிசம்பரில் ஒரு காலையில் வலி எடுத்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், சாயங்காலமே சின்ன மகளோடு திரும்பிவிட்டோம். அந்த நாட்டில் சுகப்பிரசவம் என்றால் அவ்வளவுதான், கையில் பிள்ளையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு நர்ஸ் ஒருத்தி தினமும் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வாள்.

எங்களுக்கு வந்த நர்ஸ் தங்கமானவள். முதல் நாளே, மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தாள். பிள்ளை பிறந்தால் அங்கே எல்லோர் வீட்டிலும் அதுதானாம். நம்மூர் ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் நீட்டுவார்களே, அதே சோம்பு மிட்டாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் அக்காவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தபோது மட்டும், அந்தக் குளிரிலும் நர்ஸ் எங்கள் வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துவிட்டாள்.

மகன் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். தங்கச்சியின் காலைத் தொட்டான், மூக்கைத் தொட்டான், தன் ரொட்டியை ஊட்டப் பார்த்தான். பெரியவள் பக்கத்தில் வரவில்லை. அறை வாசலோடு நின்றுகொள்வாள். நர்ஸ் குழந்தையைத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைக்கப் போனாள். பெரியவள் வேண்டாம் என்று கத்திவிட்டு மாடிப்படியில் ஏறி ஓடினாள்.

எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். பொறாமை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும். கணவர் ஒரு பொம்மை வாங்கிவந்து, பாப்பா கொடுத்தது என்று அவளிடம் நீட்டினார். ஒட்டன்சத்திரத்துக்காரர், பிள்ளைகளைச் சாமி, கண்ணு என்று கூப்பிட்டே வளர்ப்பவர். "பாப்பாவ ஒருக்காத் தொட்டுப் பாரு கண்ணு" என்றார். அவள் பொம்மையை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்கோ தையல் வலி, தூக்கமில்லை. எங்கள் பெரியவள் எங்களை விட்டு விலகிப் போகிறாளே என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். இரண்டு தடவை அவளை அதட்டியும்விட்டேன்.

நர்ஸ் வந்த கடைசி நாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவள் காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்த படத்தின்மேல் தம்பி கறுப்புக் கலரை எடுத்துத் தாறுமாறாகக் கிறுக்கிவிட்டான். சரி, இப்போது டம்ளர் பறக்கும் என்று குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டேன். ஒன்றும் பறக்கவில்லை. அவள் எழுந்தாள். முகம் சிவந்து, உதடு துடிக்க, கோட்டு மாட்டும் மூலைக்குப் போய் அப்பாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கையிரண்டும் பின்னால் கட்டியிருந்தது.

அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக் கதவோரத்தில், டீச்சரத்தையிடம்.

"என்ன பண்ற அங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோவத்த முழுங்குறேன்." குரல் கோட்டுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்குத்தா முழுங்கணும்?"

"தொட்டா என் கோவம் பாப்பாவுக்கு ஒட்டிக்கும். எல்லாம் தீந்துட்டா நான் பாப்பாவத் தொடலாம்ல. தெனமும் முழுங்குறேன். இன்னும் தீரல."

அந்த ஆடி மாதத்துச் சிரிப்பை இத்தனை மாதமாக இந்தப் பிள்ளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது. ஆசை இல்லாமல் விலகி நிற்கவில்லை. ஆசை அவ்வளவு இருந்ததால்தான் விலகி நின்றிருக்கிறது. எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அக்கா மேல், என் மேல், சிரித்த அத்தனை பேர் மேலும். அதை அவளிடம் காட்டக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஏன் காட்டக்கூடாது என்று தோன்றியது.

"இங்க வா. எனக்கு இப்ப எம்புட்டுக் கோவம் வருது தெரியுமா?"

திரும்பிப் பார்த்தாள். "யாரு மேல?"

"ஒன்னச் சேனை வைக்கக்கூடாதுன்னு சொன்னவங்க மேல. நானும் சேந்து சிரிச்சேன்ல, என் மேலயும். கோவம்னா அதுக்கும் வரும்டி. நமக்குப் பிடிச்சவங்கள யாராச்சும் படுத்துனா வரும்."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வத்தலக்குண்டு பஸ் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை அத்தையைப் போலக் கண்ணை உருட்டிக் காட்டவில்லை. பூக்கார அம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததுவரை சொன்னேன். மகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். பஸ் எவ்வளவு பெரிது, குடை என்ன கலர் என்றெல்லாம் விசாரித்தாள்.

"டம்ளர் எறியுறது தப்பு. அத அம்மா திட்டத்தான் செய்வேன். ஆனா ஒன் கோவம் எனக்கு வேணும். பாப்பாவுக்கும் வேணும். நீதான் இவளுக்குச் சேனை வைக்கணும்."

"பொறந்தவொடனே வைக்கணும்னு பெரியம்மா சொன்னாங்களே."

"இந்த ஊரு நேரம் நம்ம ஊருக்குப் பின்னாடிதான ஓடுது. கொஞ்சம் தள்ளிப் போனாத் தப்பில்ல."

சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் கொடுக்கக்கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் என் பாலில் ஒரு சொட்டு. மகள் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். சொட்டைச் சுண்டுவிரலால் தொட்டுத் தங்கச்சியின் நாக்கில் வைத்தாள். குழந்தை அந்த விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நர்ஸ் சமையலறை வாசலில் நின்று, என்ன நடக்கிறது என்று தெரியாமலே கைதட்டினாள்.

"இழுக்குறாம்மா" என்றாள் மகள். பிறகு குழந்தையின் காதுக்குக் குனிந்து, தமிழும் டச்சும் கலந்து என்னமோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தம்பி மறுபடி அவள் படத்தைக் கிறுக்கினான். கலர் டப்பா பறந்தது. கணவர் பதறி ஓடிவந்தார். நான் சிரித்துக்கொண்டே, முறைப்படி திட்டினேன்.

அக்காவுக்கு அன்றே போன் செய்து ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவள் அழுதுவிட்டாள். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுடி, பிள்ள மனசுல அம்புட்டு ஏறிப்போச்சா" என்றாள். வெளையாட்டுக்குத்தான் சொல்வோம். முப்பது வருடத்துக்கும் மேலாக டீச்சரத்தையிடமும் வெளையாட்டுக்குத்தான் சொல்லிவந்திருக்கிறோம்.

அடுத்த கோடையில் ஞானஸ்நானத்துக்குத் திண்டுக்கல் வந்தோம். கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றியதும் சின்னவள் போட்ட கூச்சலில் சாமியாரே கொஞ்சம் பின்வாங்கினார். நாகல் நகர் வீட்டில் பிரியாணிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. "அம்மாடி, என்ன சத்தம். யாரு சேனை வச்சது?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். அக்கா சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலையை ஒட்டி டீச்சரத்தை நின்றிருந்தார், கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடி. மகள் நேராக அவரிடம் போனாள். பின்னால் போய், கட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு கையையும் முன்னால் இழுத்துவந்தாள்.

"தொடுங்க டீச்சரத்தை. ஒங்க கோவம் ஒட்டுனா நல்லதுதான். எங்க அம்மா சொன்னாங்க."

நான் சின்னவளை வாங்கி அத்தையிடம் நீட்டினேன். பஸ்ஸையே நிறுத்திய கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் அவர் பிள்ளையை வாங்கினார்.