மண்மாந்திக் கப்பலும் என் மனுக்களும்

மனு எழுதும் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்தது படிப்பு அல்ல, ஒரு சத்தம். ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அடுக்களைக்குப் பின்னால் யாரோ பெரிய பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் கேட்டது. எட்டு மாத மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, கான்வெண்டில் கற்ற ஜெபங்களை வரிசையாகச் சொல்லி முடித்தேன். சத்தம் ஜெபத்துக்குப் பயப்படுகிற ரகமில்லை. விடிந்து பார்த்தால் மண்மாந்திக் கப்பல்!

முட்டத்துக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில் எங்கள் வீடு. பொழியின் நடுவில் ஒரு சின்ன மணல்மேடு. அதைத் தீவாக உயர்த்திப் பங்களா கட்டப் புறப்பட்டார் ஒரு முதலாளி. வாளிகள் கோத்த சங்கிலியால் கப்பல் ஆற்றின் அடிமணலை அள்ளி மேட்டில் கொட்டியது. ஆற்றுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நடுவில் குழி விழுந்தால் கரையை இழுத்து நிரப்பிக்கொள்ளும். என் அடுக்களைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏழு தென்னைகள் நின்றன. முதல் மாதத்திலேயே இரண்டு சாய்ந்தன. தென்னைகள் தீர்ந்தால் அடுத்தது நானும் மகளும்தான். கணவருக்கு ஹைரேஞ்சில் தேயிலைத் தோட்ட ஆபீஸில் வேலை, ஓணத்துக்குத்தான் வருவார். பயத்தில் எழுத உட்கார்ந்தேன். ஊரும் வந்து கூட உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் குறையை எழுதிக் கொடுத்து வசவும் வாங்கிக்கொண்ட சகோதரிகளே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

கீழ்ப்படியும் மாணவி

கான்வெண்டில் இங்கிலீஷில் எனக்கு எழுதக் கற்றுத்தந்த ஒரே விண்ணப்பம், தலைவலிக்கு லீவு கேட்டு மதருக்கு எழுதுவது. அதே அச்சில் தாசில்தாருக்கு எழுதினேன். மேலே வணக்கம், நடுவில் தென்னை, கடைசியில் ‘என்றும் தங்கள் கண்டிப்புக்குக் கீழ்ப்படியும் மாணவி’ என்று கையெழுத்து. பத்து நாள் கழித்துத் தாலுகா ஆபீஸ் சேவகர் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரிப்பை அடக்க மீசையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“உங்களுக்கு எந்தக் கிளாஸ்ல பாடம் எடுத்தோம்னு தாசில்தார் ஐயாவுக்கு ஓர்மையில்லையாம். கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

மூக்குள்ளவன்

பிலோமினாக்கா பொழியில் மட்டிச்சிப்பி வாரிப் பிழைக்கிறவள். கப்பல் கலக்கிய சேறு படிந்து மட்டியெல்லாம் மூச்சுமுட்டிச் செத்தன. செத்த மட்டியை ஓர் ஓலைக்கடவம் நிறையக் கொண்டுவந்து வைத்து, மனுவோடு சேர்த்து அனுப்பச் சொன்னாள். தாலுகா ஆபீஸ் போய்ச் சேருமுன் நாறிவிடுமே அக்கா என்றேன்.

“நாறட்டும் மக்கா. அங்க மூக்குள்ளவன் ஒருத்தனாவது இருப்பாம்லா?”

கஞ்சியில் இரண்டு உப்பு

பொழி ஆழமாக ஆழமாகக் கடல்தண்ணீர் வேலியேற்றத்தோடு உள்ளே ஏறியது; பங்குனியில் ஊர்க்கிணறுகள் எல்லாம் உப்புக் கரித்துவிட்டன. மேற்குத்தெருவில் அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த செல்லம்மை, முந்தானைக்குள் ஒரு கஞ்சிச்சட்டியை மறைத்துக்கொண்டு வந்தாள். கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். என்னையும் ஒரு வாய் குடிக்க வைத்தாள். நான் முகம் சுளித்ததும் அவள் முகம் மலர்ந்தது. கிணற்றைச் சரிசெய்யச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன்.

“கிணறு எப்பிடியும் போகட்டும்க்கா. நான் உப்பு ஒரு தடவைதான் போட்டேன்னு சர்க்கார் முத்திரை குத்தித் தரணும், அம்புட்டுதான்!”

எதிராளியும் வந்தார்

ஒருநாள் வாசலில் கரி படிந்த காக்கிச்சட்டை ஒன்று வந்து நின்றது. கப்பலின் இஞ்சின் டிரைவர், ஆலப்புழைக்காரர் குட்டப்பன். மனுவெழுதியவளை மிரட்ட வந்திருக்கிறார் என்று மகளைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி, தனக்கும் முதலாளிக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றார். அவர் தங்கியிருக்கும் வீட்டுக் கிணறும் கரித்துவிட்டதாம். உங்கள் கப்பல்தானே காரணம் என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

“அது எனக்கு அறியாம் பெங்ஙளே. கப்பல் ஓடட்டே, சாயாவுக்கு நல்ல வெள்ளம் மட்டும் கிட்டினா மதி.”

அவர் மனுவைத்தான் இருந்ததிலேயே உருக்கமாக எழுதினேன்.

ஊர் மானம்

கடைசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். அன்றைக்குக் கப்பல் சாதுவாகக் கிடந்தது, ஆறு தெளிந்து கிடந்தது. கிணறு காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருந்தோம். அவர் நாலு வீட்டில் தண்ணீர் கேட்டார். நாலு வீட்டிலும் கற்கண்டாக இனித்தது! சர்க்கார் மனிதர் வருகிறார் என்று ஒவ்வொரு வீட்டுக்காரியும் மற்றவளுக்குத் தெரியாமல் ஒரு மைல் நடந்து மேலூர்க் கிணற்றில் கோரி வைத்திருக்கிறாள். ‘குடிநீரில் குறையில்லை’ என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். இப்படிச் செய்யலாமா என்று நான் அழாக்குறையாகக் கேட்க, செல்லம்மையின் மாமியார் என்னைத்தான் கோபித்துக்கொண்டாள்.

“வீடு தேடி வந்த மனுசனுக்குக் கரிச்ச தண்ணி குடுத்தா, நம்ம ஊரு மானம் என்னத்துக்கு ஆவும் பிள்ளே?”

ஒரு கிளாஸ் காப்பி

பதினோராவது மனுவுக்கு இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நேரே என் வீட்டுக்கு, சிடுசிடுப்போடு. வீட்டுக்குப் பின்னால் மிஞ்சி நின்றது இரண்டே தென்னை. அடுக்களையில் இரண்டு குடம் இருந்தது: ஒன்று எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்று பிலோமினாக்கா விருந்தாளிக்கென்று கொண்டுவைத்த மேலூர்த் தண்ணீர். பழக்கத்தில் என் கை மேலூர்க் குடத்துக்குத்தான் போனது. அப்போது பின்னால் பொதக்கென்று ஒரு கட்டி மண் ஆற்றில் விழுந்தது. தொட்டிலில் மகள் வீறிட்டாள். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் காப்பி போட்டேன். கொண்டுபோய் நீட்டுகிற அவசரத்திலேயே பாதி கிளாஸ் சிந்திவிட்டது.

மீதிப் பாதியை அவர் ஒரே மடக்காகக் குடித்தார். கிளாஸைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுக்களைப் பின்பக்கம் போய்த் தென்னையின் அடிமூட்டில் ஒரு காலை வைத்தவர், மண் இளகவும் இரண்டு எட்டுப் பின்வாங்கினார். திரும்பி வந்து கிளாஸை மெதுவாக வைத்தார்.

“பதினோரு தடவை எழுதினீங்க, நான் நம்பல. இந்தக் காப்பியை முதல்லயே தந்திருக்கக் கூடாதாம்மா?”

இன்று

மணல் அள்ளக் கூடாதென்று உத்தரவு வந்து, இன்று மத்தியானம் கப்பலைப் பொழி வழியாக இழுத்துப் போனார்கள். ஊரே கரையில் நின்று கூவியது. குட்டப்பனும் தொப்பியை ஆட்டிக் கூவினார். மட்டி எப்போது திரும்பி வரும் என்று பிலோமினாக்காவிடம் கேட்டேன்.

“அதுக்கும் ஒரு மனு எழுது மக்கா. உனக்குத்தான் இனி வேலையில்லையே!”

ஆக, பதினோரு மனுவுக்கு அசையாத சர்க்காரை அரை கிளாஸ் கெட்ட காப்பி அசைத்த கதையை எழுதி முடித்துவிட்டு, மண் சரிந்தால் பிள்ளையோடு ஓடத் தோதாக இத்தனை நாளும் வெறுமனே சாத்தி வைத்திருந்த கதவை, இதோ, உள்ளேயிருந்து தாழிட்டுவிட்டேன்.