மூச்சு விட்டால் மூடும் மெனு

நாங்கள் பராமரிக்கும் மருத்துவமனை இணையதளம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல, அடையாறிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு வயதான அம்மாள் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. பார்வையாளர் நேரத்தைத் தேடச் சொன்னேன்.

மவுஸை வைத்தால் மெனு கீழே விரியும்; இம்மி விலகினாலும் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் மவுஸை நகர்த்தினார்.

“மூச்சு விடுங்கம்மா,” என்றேன்.

“விட்டா கை ஆடுதுப்பா, இது மூடிக்குது. எங்க வீட்டுக்காரர் ஐசியூல இருந்தப்போ, எப்ப உள்ள விடுவாங்கன்னு இதுலதான் தேடிக்கினு இருந்தேன். கண்டுபிடிக்கிறதுக்குள்ள அங்கேருந்தே போன் வந்துடுச்சு.”

சொல்லிவிட்டு மறுபடி மூச்சை அடக்கினார்.

அந்த மெனுவை மாற்றிவிட்டோம். இப்போது அது தானாக மூடுவதில்லை. ஆனாலும் அதன் மேல் மவுஸைக் கொண்டுபோகும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.