புல்லுக்குப் போன குடிதண்ணீர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று துபாய் ஜெபல் அலி துறைமுகக் குடோனில், கப்பலில் வந்த காய்ந்த புல்கட்டுகளை இறக்கும்போது எழுந்த வாசனையில் தூக்கிய கட்டைக் கீழே போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு, பதினைந்து வயதில் ஏஜென்ட் என்னைக் கொண்டுபோய்த் தள்ளிய சவூதி எல்லையோரத் தோட்டத்திலும் இதே வாசனைதான். இப்போது மணல் மூடிவிட்ட அந்த இடத்தில் அன்று ஒட்டகத்துக்கு விற்கும் புல்லும், ஓயாமல் இரையும் பம்பும், நாளுக்கு நாள் உப்பேறும் கிணறும்தான் இருந்தன. நாங்கள் குடிப்பதற்காக வாரம் ஒருமுறை டேங்கரில் வரும் நல்ல தண்ணீரையும், ஃபோர்மேன் செல்லையா புதிதாய் முளைத்த புல்லுக்குத் திருப்பிவிட்டார்.

"அண்ணே, எங்களுக்குக் குடிக்க?"

"புல்லு செத்தா அரபி என்னையக் கேப்பான். நீ செத்தா எவன்டா கேப்பான்? கிணத்துத் தண்ணியக் குடி, போ."

இரண்டு நாள் அதைக் குடித்து வயிற்றால் போனது. மூன்றாம் நாள் மதியம் அவர் தூங்கும்போது, குழாயை மாற்றி, அதே உப்புக் கிணற்றுத் தண்ணீரை இளம்புல்லுக்கு விட்டேன். நான்கைந்து நாளில் பாத்தி முழுக்க மஞ்சளாகிப் படுத்துவிட்டது. தோட்டத்து முதலாளி அரபி வந்து கத்தியபோது செல்லையா என்னைப் பார்த்தார்; என் வேலைதான் என்று புரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த டேங்கர் வந்ததும் முதல் கேனை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

குடித்தேன். அவரை மன்னிக்கவில்லை.

12.1.2025, ஞாயிறு