நஞ்சப்பன் வீட்டில் எழுந்த சத்தம்

நஞ்சப்பன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் வரத் தொடங்கியதும், எங்கள் ஊரில் காட்டுவேலையை விட்டுவிட்டு முதலில் அங்கே போனவன் அவன். இரும்பு உருக்கும் உலையடியில் ராத்திரி ஷிப்ட். கூலி கொஞ்சம் கூட வரும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

ராத்திரி உழைக்கிறவன் பகலில் தூங்கியாக வேண்டும். அதற்குக் காவல் அவன் பெண்டாட்டி ராசம்மாள். சேவலை விற்றாள். கிணற்று உருளைக்கு விளக்கெண்ணெய் விட்டாள். மகள்கள் மருதாத்தாளும் சரசுவும் அந்த வீட்டில் பேசப் பழகியதே காதோடு காதாகத்தான். என்னையும் அவள் விடவில்லை. என் குரல் மாடு விரட்டுகிற குரல். "ஏனுங்ண்ணா, கொஞ்சம் மெல்லமா. தூங்கறாருங்க" என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். சொந்த எருமையை ரகசியமாகத் திட்டிய ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவனே போய்ப் பகல் ஷிப்டுக்கு மாறினான். மூத்தவள் எந்த வகுப்பு என்று பஸ்ஸில் யாரோ கேட்டார்களாம். இவனுக்குத் தெரியவில்லை. அது மனசில் முள்ளாகக் குத்திவிட்டது. இனிமேல் சாயங்காலம் பிள்ளைகளோடு இருப்பது என்று முடிவு.

ஆனால் நடந்தது வேறு. என் வாசலில் கூத்தடிக்கும் பெண்கள், அவன் தலை தெரிந்ததும் அடங்கிப்போவார்கள். கேட்டதற்குத் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை என் மாட்டுக்கொட்டகைக்கு வந்து நின்றான்.

"ஏனுங்ண்ணா, எம்புள்ளைங்களுக்கு என்னையப் புடிக்கலைங்களா?"

"புடிக்காம என்னடா? பழக்கமில்ல."

"நான் போனா ஊடே எழவு ஊடு மாதிரி ஆயிருதுங்க. பழையபடி ராத்திரிக்கே போயர்றேன். திங்கக்கெழமை சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப்போடறனுங்க."

"போ. போயி அந்த உலைகிட்டப் பேசிட்டிரு" என்றேன். ஆறுதலாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் பால் கொடுக்கப் போனேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே கால் வைக்க முடியவில்லை. ராசம்மாள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தாயக்கட்டம் கிழித்தாள். என்னையும் நஞ்சப்பனையும் பெண்களோடு உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

புளியங்கொட்டை உருளுகிற சத்தம் மட்டும்தான். நஞ்சப்பனுக்கு ஆட்டமே மறந்துபோயிருந்தது. மூணு விழுந்தால் நாலு கட்டம் நகர்த்தினான். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வாய் திறக்கவில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த முறை அவனுக்கு ஆறு விழுந்தது. மருதாத்தாளின் காயைத் தூக்கித் தன் காய்போல நகர்த்தினான்.

"அது என்ற காய்!"

ஓடு அதிர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தொண்டையா!

"அப்ப இருந்து அழுகுணி ஆட்டம் ஆடறீங்க! மூணுக்கு நாலு வெச்சீங்க! நான் பாத்துட்டேதான் இருந்தேன்!"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியிலிருந்து ராசம்மாள் உதட்டில் விரலோடு ஓடி வந்தாள். நஞ்சப்பன் மகளையே பார்த்தான். பிறகு அவளைவிட உரக்கக் கத்தினான்.

"யாருடி அழுகுணி? நானா? நீ போட்ட அஞ்சு மட்டும் யோக்கியமா?"

"யோக்கியந்தான்! அண்ணங்காரரையே கேளுங்க!"

"பெரியப்பாங்கணும்டி!" என்று நான் என் பங்குக்குக் கத்தினேன். சின்னவள் சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்குக் கேட்டது? அப்பாடா என்று எனக்கு நெஞ்சு லேசானது.

ராசம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ஏனுங்க, நாளைக்கு ராத்திரி ஷிப்டு கேக்கோணும்னீங்களே?"

"அட, செத்த சும்மா இரு புள்ள. இவ என்னைய வெட்ட வாறா" என்றான், கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழை விட்டுப்போயிருந்தது. நான் கிளம்பவில்லை. எனக்கும் இரண்டு காய் கட்டம் சுற்றி வந்து பழமாக வேண்டியிருந்தது.