நீலக் கேட் போட்ட வீடு

திருப்புலிவனத்தில் அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட்டும் போட்டு வைத்திருக்கும் வீட்டின் கேட்டுக்குப் பச்சை அடிக்கலாம் என்று இன்று காலை உத்திரமேரூர் பெயின்ட் கடைக்குப் போனேன்.

பக்கத்தில் நின்றவர் கடைக்காரரிடம் போனை நீட்டினார். "இந்த வூட்டுக்கு இன்னா கலர் எடுக்கும்ணா? அடுத்த மாசம் கிரயம்."

எட்டிப் பார்த்தேன். அதே நீலக் கேட். அதன் ஓரத்தில் நிற்பது என் ஸ்கூட்டர். நான் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த படம்.

"வேற யாரும் இத பேசி வெக்கலியா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன் சார். சுத்தமா கீது."

சுத்தமாகத்தான் இருக்கும். என் அக்ரிமென்ட்டை நான் பதிவு செய்யவே இல்லையே. 'நமக்குள்ள ரிஜிஸ்டர்லாம் இன்னாத்துக்கு நைனா' என்று ஓனர் தோளில் கை போட்டபோது தலையாட்டிவிட்டு வந்தவன் நான்.

"நீங்க அக்ரிமென்ட்ட ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?"

அவர் சிரித்தார். "ஓனரு தங்கமான மனுசன் சார். நமக்குள்ள இன்னாத்துக்குன்னுட்டாரு."

வெளியே வந்து ஓனருக்குப் போன் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாராம். இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்.

நீலக் கேட் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த மற்றவர்களும் கமெண்டில் வந்துவிடுங்கள். கலரையாவது கலந்து பேசி முடிவு செய்வோம்.